தட்டம்மையும் பென்ஷனும்

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க அதிபர்கள் படைவீரர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று பேசச் சொன்னார்கள். மேடைப் பேச்சுகளை மட்டும் பார்த்தால் நமக்கு வேலையே இல்லை. வீரர்களைப் புகழாத அதிபர் ஒருவர்கூடக் கிடையாது. அதனால் பேச்சுகளை விட்டுவிட்டு, பென்ஷன் காகிதங்களைப் புரட்டலாம் என்று நினைக்கிறேன்.

1865 மார்ச் 25. வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போர் முடியும் தறுவாய். அன்றைக்கு ஓர் ஆள் வேறொருவருக்குப் பதிலாளாகப் படையில் சேர்கிறார். ஏப்ரல் 3ஆம் தேதி தட்டம்மையோடு இண்டியானாபொலிஸ் மருத்துவமனையில் படுக்கிறார். மே 8 அன்று பணிக்குத் திரும்புகிறார். மே 11 அன்று கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மொத்தம் ஒரு மாதம் பதினேழு நாள். சரி, முடிந்தது என்று பார்த்தால், 15 வருஷம் கழித்து வருகிறார். அன்று வந்த அம்மை கண்ணில் இறங்கிவிட்டது, முதுகெலும்பையும் பிடித்துவிட்டது, பென்ஷன் கொடுங்கள் என்கிறார்.

காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அவர் ஒருவருக்காகவே தனி மசோதா போட்டு அதிபரிடம் அனுப்பியது. அன்றைக்கு அது வழக்கம்தான். பென்ஷன் அலுவலகம் தள்ளிவிட்ட விண்ணப்பங்கள் உறுப்பினர்களின் தயவில் மசோதாவாக உருமாறி வரும். பெரும்பாலும் யாரும் படித்துப் பார்க்காமலே நிறைவேறும். 1886இல் ஒரே நாளில் சுமார் 240 மசோதாக்கள் மேஜையில் வந்து விழுந்தன என்று அதிபர் குரோவர் கிளீவ்லாண்டே புலம்பியிருக்கிறார். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். இவர் வக்கீல். ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் படித்தார்.

அம்மைக்காரருக்கு அவர் எழுதிய மறுப்பில் கிண்டல் வழிகிறது. இந்த மனிதரின் சின்ன ராணுவ வாழ்க்கையைப் பற்றி வேறு என்ன சொன்னாலும், உடல் கோளாறுகளை ஏராளமாகச் சேர்த்துக்கொண்டார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறார். தட்டம்மையோடு நடத்திய ‘பயங்கரப் போர்’ என்றும் எழுதுகிறார். இப்படி முதல் ஆட்சிக்காலத்தில் மட்டும் 200க்கும் மேற்பட்ட பென்ஷன் மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். ஆனால் அவர் கையெழுத்திட்ட பென்ஷன் மசோதாக்கள் அதைப்போல் பல மடங்கு. அதை யாரும் பேசவில்லை.

ஏன் பேசவில்லை? 1863இல் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தபோது 300 டாலர் கட்டினால் போகவேண்டாம். அல்லது பதிலுக்கு ஓர் ஆளை அனுப்பலாம். பஃபலோவில் இளம் அரசு வக்கீலாக இருந்த கிளீவ்லாண்ட், போலந்திலிருந்து வந்த ஒரு மாலுமிக்கு 150 டாலர் கொடுத்து அனுப்பினார். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஏற்கெனவே படையில். தாயையும் தங்கைகளையும் இவர்தான் பார்த்துக்கொண்டார். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனால் தனக்குப் பதில் ஆள் அனுப்பியவர், பதிலாளாகப் போனவரின் பென்ஷனை மறுக்கிறார். சட்டம் எப்படியோ போகட்டும், பார்க்கிறவன் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்?

நான் கிளீவ்லாண்ட் பக்கம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மைக்காரர் போன்றவர்களுக்குக் கொடுத்தால், கால் போனவனின் பென்ஷனுக்கு என்ன மரியாதை? அவர் கேட்டது இவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்க வேண்டிய வாய் அவருடையது இல்லையோ என்றும் தோன்றுகிறது.

1887 பிப்ரவரியில், உழைக்க முடியாத எல்லா முன்னாள் வீரர்களுக்கும் பென்ஷன் என்ற பொது மசோதாவையும் மறுத்தார். வடக்கத்திப் படையின் முன்னாள் வீரர் சங்கம் கொதித்தது. லட்சக்கணக்கான உறுப்பினர்கள், அத்தனையும் ஓட்டு. அடுத்த வருஷத் தேர்தலில் மொத்த வாக்குகள் கிளீவ்லாண்டுக்கு அதிகம் விழுந்தும், மாநிலவாரியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் கணக்கில் தோற்றார். பென்ஷன் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். சுங்கவரிச் சண்டையும் இருந்தது.

ஜெயித்த பெஞ்சமின் ஹாரிசன் போரில் படைப்பிரிவை நடத்தியவர். பென்ஷன் ஆணையராக ஜேம்ஸ் டானரை உட்காரவைத்தார். உள்நாட்டுப் போரில், புல் ரன் என்ற இடத்தில் நடந்த இரண்டாம் சண்டையில் இரண்டு காலையும் இழந்தவர். கஜானாவில் மிஞ்சியிருக்கும் பணத்தைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று டானர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை, ராஜினாமா. ஆனால் 1890இல் சட்டம் வந்துவிட்டது. 90 நாள் சேவை, உடலுழைப்புக்கு முடியாத நிலை, இரண்டும் இருந்தால் போதும். போரில்தான் அடிபட்டிருக்க வேண்டும் என்பதில்லை. மாதம் 6 முதல் 12 டாலர். 1893 வாக்கில் மத்திய அரசின் செலவில் ஏறக்குறைய 40 விழுக்காடு பென்ஷனுக்கே போனது. அப்புறம் 1904இல் தியோடர் ரூஸ்வெல்ட், 62 வயது ஆனாலே அது ஊனக் கணக்கில் சேரும் என்று உத்தரவு போட்டார். முதுமைக்கே பென்ஷன், மசோதாகூட இல்லாமல்.

முதல் உலகப் போர் முடிந்ததும் அதே சண்டை, அந்தப் போரின் வீரர்களுக்குக் கொடுக்கும் போனஸ் என்ற பெயரில் வந்தது. 1924இல் கால்வின் கூலிட்ஜ், விலைக்கு வாங்கிய தேசபக்தி தேசபக்தியே அல்ல என்று எழுதி மறுத்தார். காங்கிரஸ் அவரை மீறி நிறைவேற்றியது. பணம் 1945இல்தான் என்றது. பசியோடு எப்படிக் காத்திருப்பது? 1932இல் ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் வாஷிங்டனில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஜூலை 28 அன்று அதிபர் ஹூவரின் ஆட்சியில் ராணுவமே வந்து அவர்களை விரட்டியது. அடுத்து வந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஏழைகளின் அதிபர் என்று பெயரெடுத்தவர். அவரும் 1935இல், போனஸை உடனே கொடுக்கச் சொன்ன மசோதாவுக்கு, நேரில் காங்கிரசுக்கே போய் மறுப்பைப் படித்தார். சீருடை போட்டதாலேயே ஒருவர் தனிச் சலுகைக்காரர் ஆகிவிட முடியாது என்பது அவர் வாதம். 1936இல் காங்கிரஸ் அவரையும் மீறியது. 1944இல் அதே ரூஸ்வெல்ட் திரும்பி வரும் வீரர்களுக்குப் படிப்புக்கும் வீட்டுக்கடனுக்கும் வழிசெய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார். கூடாரக்காரர்களை எல்லாரும் மறந்துவிடவில்லை போலும்.

கடைசியாக ஒன்று. உள்நாட்டுப் போரின் பென்ஷனை வாங்கிவந்த கடைசி ஆள் 2020இல் 90 வயதில் காலமானார். ஒரு வீரரின் மகள் அவர். அப்பாவுக்கு 83 வயதாகும்போது பிறந்தவர். அந்த அப்பா முதலில் தெற்குப் படையில் இருந்து, அங்கிருந்து ஓடிவந்து வடக்குப் படையில் சேர்ந்தவர். மகளுக்கு மாதாமாதம் வந்த தொகை 73 டாலர் 13 சென்ட்.