லேசருக்கு முந்தைய வாரங்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். பருத் தழும்பையும் வெயில் தந்த சுருக்கங்களையும் போக்கிக்கொள்ள லேசர் சிகிச்சை நாடி வருகிறவர்கள், எந்தக் கருவி, எத்தனை அமர்வு என்றெல்லாம் கேட்கிறார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் முகத்தில் எதைப் பூசுவது, எதை நிறுத்துவது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர், எர்பியம் லேசருடையது 2,940. இந்த ஒளியைத் தோலிலுள்ள நீர் உறிஞ்சிக்கொள்வதால் மேல்தோல் கணப்பொழுதில் ஆவியாகிறது. அளந்து உண்டாக்கும் புண் என்றே இதைச் சொல்ல வேண்டும். அந்தப் புண் ஆறுகையில், மாநிறத்தோரிடமும் கருநிறத்தோரிடமும் நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு, தழும்பு இருந்த இடத்தில் பல மாதங்கள் நீடிக்கும் கருமை படியக்கூடும்.

அதைத் தடுப்பதற்காகவே, மெலனின் என்னும் தோல் நிறமி உருவாவதைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன் களிம்பைச் சில வாரங்கள் முன்னதாகவே பூசச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. ஆனால் 1999இல் வெளியான ஓர் ஆய்வில், வெளிர்நிறத் தோலுடைய 100 பேரிடம் கார்பன் டை ஆக்சைடு லேசருக்குப் பின் ஒப்பிட்டபோது, முன்கூட்டிக் களிம்பு பூசியவர்களுக்கும் பூசாதவர்களுக்கும் கருமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. களிம்பு பட்ட மேல்தோலை லேசர் அகற்றிவிடுகிறது. புதிய தோலோ களிம்பு எட்டாத ஆழத்திலுள்ள மயிர்க்கால்களிலிருந்து வளர்ந்து வருகிறது. நுண்புள்ளிகளாகச் சுட்டு, இடையிலுள்ள தோலை அப்படியே விட்டுவைக்கும் பிராக்‌ஷனல் லேசருக்கு இந்த விளக்கம் முழுமையாகப் பொருந்தாது. ஆகவே, கருமை படியும் இயல்புடையவர்களுக்கு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில், குறுகிய காலத்துக்கு அந்தக் களிம்பைத் தருவதே முறை என்று கருதுகிறேன்.

வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த டிரெட்டினாயின் களிம்பு வேறு வகையில் உதவுகிறது. அது தோலின் இறந்த மேலடுக்கை மெலிதாக்கி, புண் விரைவில் மூட வழிசெய்கிறது. எனினும் முகம் சிவந்து உரிந்துகொண்டிருக்கும் நிலையில் லேசர் செய்வது ஆபத்தானது என்பதால், சில நாட்களுக்கு முன்பே அதை நிறுத்தி, எரிச்சல் அடங்கவிட வேண்டும். கருவுற்றவர்கள் அதைத் தொடவே கூடாது.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது சூரியத் தடுப்புக் களிம்பைத்தான். வெயில் காப்பு அளவைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். எண் 30க்குக் குறையாததைத் தாராளமாகப் பூசி, வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். பலரும் ஒரு பொட்டளவு எடுத்து முகம் முழுதும் தேய்க்கிறார்கள். அது போதவே போதாது.

மருந்துச் சீட்டின்றி வாங்கிய சிவப்பழகுக் களிம்புகளைப் பூசிவந்தவர்கள் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் தோல் மெலிந்து, புண் ஆறுவது தாமதமாகும். உதட்டோரம் அக்கி போன்ற கொப்புளம் எப்போதாவது வந்ததுண்டா என்பதையும் தெரிவியுங்கள். அதற்குரிய மாத்திரையை லேசருக்கு முன்பே தொடங்க வேண்டியிருக்கும். வெயிலில் கறுத்த முகத்தோடு யாரேனும் வந்தால், குறித்த நாளைத் தள்ளிவைக்கும்படி தயங்காமல் சொல்லிவிடுகிறேன். நன்றி, வணக்கம்.