தவணையைத் தள்ளிவைத்தால் கடன் தீருமா?

நேயர்களுக்கு வணக்கம். கொரோனா காலத்தில் ஏழை நாடுகளுக்குக் கைகொடுக்க உலக அளவில் செய்யப்பட்ட ஏற்பாடுகளில் இரண்டைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாவது, 2020 ஏப்ரலில் ஜி-20 நாடுகள் அறிவித்த கடன் தவணை நிறுத்திவைப்பு. தகுதி பெற்ற நாடுகள் 73, சேர்ந்தவை 48. 2020 மே மாதம் தொடங்கி 2021 டிசம்பர் வரை ஏறத்தாழ 1,290 கோடி டாலர் தவணை தள்ளிப்போனது. தள்ளுபடி ஆனது ஒரு காசுகூட இல்லை. முதல் சுற்றில் நிறுத்திவைத்த பணத்தை, ஓராண்டு அவகாசத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுகளில் கட்டியாக வேண்டும். கடன் கொடுத்தவருக்குக் காலதாமதத்தால் நட்டம் வராதபடி கணக்குப் போட்டிருந்தார்கள்.

தகுதி இருந்தும் இத்தனை நாடுகள் ஏன் ஒதுங்கின? சலுகை தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் கடன் தரக்குறியீடு இறங்கிவிடுமோ, நாளை சந்தையில் வட்டி ஏறிவிடுமோ என்ற பயம் நிதி அமைச்சகங்களைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு.

இதைவிடப் பெரிய ஓட்டை, சலுகை கொடுத்தது அரசுகள் மட்டுமே என்பது. அந்த நாடுகளின் கடன் பத்திரங்களை வாங்கிய தனியார் முதலீட்டாளர்களுக்கு வேண்டுகோள்தான், கட்டாயம் இல்லை. ஆப்பிரிக்க நாடான ஜாம்பியாவைப் பாருங்கள். 2020 அக்டோபர் 14-இல் அது கட்ட வேண்டிய பத்திர வட்டி 4.25 கோடி டாலர். ஆறு மாதம் பொறுங்கள் என்று கேட்டது. நாங்கள் விட்டுக்கொடுக்கும் பணம் சீனக் கடனை அடைக்கப் போய்விடுமோ என்பது பத்திரக்காரர்களின் சந்தேகம், நவம்பரில் மறுத்துவிட்டார்கள். 30 நாள் கெடு முடிந்ததும் நாடு கடன் தவறியது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கடன் மறுசீரமைப்புக்காக ஜி-20 வகுத்த பொதுச் சட்டகத்தின்கீழ் மனுப் போட்டது. அரசுக் கடன்காரர்களோடு உடன்பாடு வந்தது 2023 ஜூனில். பத்திரக்காரர்களோடு முடிய இன்னும் ஓராண்டு ஆனது. பெருந்தொற்றே ஓய்ந்துவிட்டது!

இரண்டாவது ஏற்பாடு எஸ்.டி.ஆர்., அதாவது சிறப்பு எடுப்பு உரிமை. சர்வதேச நாணய நிதியம் உறுப்பு நாடுகளின் கணக்கில் வரவு வைக்கும் கையிருப்பு இது. டாலர், யூரோ, யுவான், யென், பவுண்ட் ஆகிய ஐந்தின் கூட்டு மதிப்பு. கடைக்குப் போய்ச் செலவழிக்க முடியாது. தடுப்பூசி வாங்க வேண்டுமானால், இதை வாங்கிக்கொள்ளச் சம்மதித்த இன்னொரு நாட்டிடம் நிதியத்தின் வழியாகக் கொடுத்து டாலராக மாற்ற வேண்டும். மாற்றியபின் ஒதுக்கீட்டைவிட இருப்பு குறைந்தால் குறைந்த அளவுக்கு வட்டி கட்ட வேண்டும். 2021-இல் அந்த வட்டி ஒரு சதவீதத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.05 சதவீதம். கிட்டத்தட்ட இலவசம். பின்னால் உலக வட்டி ஏறியபோது இதுவும் கூடவே ஏறியது.

2021 ஆகஸ்ட் 23-இல் வரவு வைத்த தொகை 65,000 கோடி டாலர். பங்கீடு, பெரும்பாலும் பொருளாதார அளவை ஒட்டி அமையும் அந்தந்த நாட்டின் நிதியப் பங்குரிமைப்படி. ஆகவே கேட்காத அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 11,300 கோடி; மிக ஏழ்மையான நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து சுமார் 2,100 கோடி. பந்தியில் வயிறு நிறைந்தவர் இலைக்கே மறுசோறு போனது. உபரியிலிருந்து 10,000 கோடி டாலரை ஏழை நாடுகளுக்கு மடைமாற்றுவோம் என்று பணக்கார நாடுகள் பிறகு உறுதி தந்தன. நிதியத்தின் அறக்கட்டளைகள் வழியாகப் போனதால், பெற்ற நாட்டுக்கு அதுவும் கடன்தான்.

இலங்கைக்கு இந்த ஒதுக்கீட்டில் சுமார் 79 கோடி டாலர் கிடைத்தது. தகுதி பெற்ற 73 நாடுகளின் பட்டியலில் அது இல்லாததால் தவணை நிறுத்திவைப்பு கிடைக்கவில்லை. 2022 ஜனவரியில் 50 கோடி டாலர் பத்திரத்தை முழுசாக அடைத்தது. ஏப்ரலில் வெளிக்கடன் கட்டுவதை நிறுத்தியது. அந்த ஜனவரிப் பணம் எரிபொருளுக்கும் மருந்துக்கும் போயிருக்கலாம் என்பது என் கருத்து.

அவசரம் வந்தபின் மாநாடு கூட்டுவதைவிட, கடன் பத்திரத்திலேயே ஷரத்து எழுதிவைப்பது மேல். கரீபியன் தீவு நாடான கிரெனடா 2015-இல் தன் கடனை மறுசீரமைத்தபோது புயல் ஷரத்தைச் சேர்த்தது. 2024-இல் பெரில் புயல் அடித்தபின் அதைப் பயன்படுத்திப் பத்திரத் தவணையைத் தள்ளிவைத்தது. யாரிடமும் கெஞ்சவில்லை, கடன் தவறியதாகவும் ஆகவில்லை. இன்னொரு கரீபியன் தீவு நாடான பார்படாஸ் 2022-இல் பெருந்தொற்றுக்கும் அப்படியொரு ஷரத்து எழுதியது. எழுதும்போது பார்க்க வேண்டியவை: எந்த அளவைத் தாண்டினால் ஷரத்து செயல்படும், அதை யார் அறிவிப்பது, தள்ளிய வட்டிக்கு வட்டி உண்டா. இந்த மூன்றில் ஒன்று தெளிவில்லாமல் போனாலும், நெருக்கடி நேரத்தில் வழக்கறிஞர்கள்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். வணக்கம்.