கோபாலன் வழக்கு முதல் மேனகா காந்தி வழக்கு வரை

அவைத் தலைவர் அவர்களே, மூத்த வழக்கறிஞர்களே, சட்டக் கல்லூரி மாணவ மாணவியரே, வணக்கம்.

அடிப்படை உரிமைகள் குறித்த தீர்ப்புகள் என்றதும் கேசவானந்த பாரதி வழக்கை எடுத்துப் பேசுவதே மேடை வழக்கம். இன்று நான் அதைத் தொடப்போவதில்லை. சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி எவருடைய உயிரையும் தனிநபர் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு. சட்டமன்றம் நிறைவேற்றிவிட்டது என்பதற்காகவே எந்த நடைமுறையும் செல்லுமா என்ற கேள்விக்குச் சரியான விடை சொல்ல உச்ச நீதிமன்றத்துக்கு 28 ஆண்டுகள் பிடித்தன.

கேள்வியை முதலில் எழுப்பியவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். 1947 டிசம்பரிலிருந்து காவலில் இருந்தவர். இடையில் விதிக்கப்பட்ட தண்டனைகள் ரத்தான பிறகும் வெளியே வர முடியாதவர். அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகாத 1950 மார்ச் 1 அன்று, விசாரணையின்றி ஒருவரை முன்கூட்டியே அடைத்து வைக்க வழிசெய்யும் புதிய தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் மற்றோர் ஆணை அவரிடம் தரப்பட்டது. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்றது அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. கோபாலன் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், அதை மட்டும் ஆறு நீதிபதிகளும் ஒருமனதாகச் செல்லாதென்றனர். மற்றபடி, அரசியல் சாசனத்தின் 19 (பேச்சு, நடமாட்டம் போன்ற சுதந்திரங்கள்), 21, 22 (கைது, காவலுக்கு எதிரான பாதுகாப்புகள்) ஆகிய பிரிவுகள் தனித்தனியானவை, சட்டமன்றம் இயற்றியதே சட்டம் என்று பெரும்பான்மையினர் முடித்துவிட்டனர். முன்னறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான விசாரணை ஆகியவை இல்லாதது நடைமுறையே ஆகாது என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஃபசல் அலி.

பிரிவுகளுக்கு இடையே எழுப்பப்பட்ட இந்தச் சுவரை இடித்தது ஒரு சிறைவாசியின் வழக்கு அல்ல என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டதை எதிர்த்துப் பங்குதாரர் ஆர்.சி. கூப்பர் தொடுத்த வழக்கில்தான், 1970இல், பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைச் செய்தது. கோபாலனின் உடலுக்குக் கிடைக்காதது கூப்பரின் சொத்துக்குக் கிடைத்தது.

பிறகு நெருக்கடி நிலை. காவலில் வைக்கப்பட்டவர்கள் காவல் சட்டப்படியானதா என்று கேட்கும் ஆட்கொணர்வு மனு போடவே முடியாது என்று 1976 ஏப்ரலில் ஜபல்பூர் வழக்கில் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளிக்க, எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார்; தலைமை நீதிபதி பதவி அவருக்கு வராமல் போயிற்று.

1977 ஜூலை 4 அன்று மேனகா காந்திக்கு டெல்லி பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொதுநலன் கருதி அவருடைய பாஸ்போர்ட் முடக்கப்படுகிறது, ஏழு நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். காரணம் கேட்டு எழுதினார். பொதுமக்கள் நலன் கருதிக் காரணத்தைத் தர இயலாது என்று வெளியுறவு அமைச்சகம் பதிலளித்தது. காவல் ஆணைகளைப் படித்தவர்களுக்கு இந்த நடை புதிதல்ல. மேனகா காந்தி தொடுத்த வழக்கில், ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வில் பி.என். பகவதி எழுதிய முதன்மைத் தீர்ப்பு, நடைமுறை என்பது நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருக்க வேண்டும், தான்தோன்றித்தனமாக இருக்கக் கூடாது என்றது. சாசனத்தின் 14 (சட்டத்தின் முன் சமத்துவம்), 19, 21 ஆகிய பிரிவுகளைச் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதும் உறுதியானது. ஜபல்பூர் வழக்கில் அரசின் பக்கம் நின்ற நால்வரில் பகவதி உள்பட மூவர் இந்த அமர்விலும் இருந்தனர். மாறுபட்டுத் தீர்ப்பு எழுதியவர், நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த பி.எஸ். கைலாசம்.

இவ்வளவு சொல்லியும் பாஸ்போர்ட்டை முடக்கிய ஆணையை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மனுதாரரின் விளக்கத்தைக் கேட்பதாக அட்டர்னி ஜெனரல் அளித்த உறுதியை ஏற்று, வழக்கு அத்துடன் முடிக்கப்பட்டது.

தடுப்புக் காவல் இன்னும் நம்மோடுதான் இருக்கிறது. குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கும் 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி ஒருவரை 12 மாதம் வரை விசாரணையின்றி அடைத்து வைக்கலாம். அத்தகைய ஆணைகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்யும்போது, பெரும்பாலும் குற்றச்சாட்டின் உண்மை பொய்யை ஆராய்வதில்லை; கைதிக்குத் தந்த நகல் படிக்க முடியாமல் இருந்தது, ஆவணத்தின் தமிழாக்கம் தரப்படவில்லை, அவருடைய மனுவைப் பரிசீலிக்கத் தாமதமாயிற்று என்பன போன்ற காரணங்களே கூறப்படுகின்றன. இவை வெறும் தொழில்நுட்பக் காரணங்கள் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வழக்கறிஞர் வைத்து வாதாடும் உரிமைகூட இல்லாமல் காவல் ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் நிற்பவருக்கு, கையில் உள்ள அந்தத் தாள்களைத் தவிர வேறு ஆதாரமில்லை.