நத்தைச் சாறும் என் வெறும் தண்ணீரும்

வணக்கம் மக்களே, இன்றைக்குக் கொஞ்சம் கடுப்பில்தான் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். லேபில் சிறுநீரில் சோயா ஈஸ்ட்ரோஜன் அளக்கும் வேலை ஓடுகிறது என்று போன வீடியோவில் சொன்னேன் இல்லையா, சோயாவில் இருக்கும், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாதிரி நடந்துகொள்ளும் டெய்ட்சீன், ஜெனிஸ்டீன், அந்தக் கோஷ்டி. அதற்கு ஒரு பிளாங்க் ஓட்டினேன். சிறுநீருக்குப் பதில் வெறும் தண்ணீர், மற்றதெல்லாம் அதேதான். தண்ணீரில் டெய்ட்சீன் பீக் வருகிறது, அதாவது அது இருக்கிறது என்று காட்டும் மேடு கிராஃபில் எழும்புகிறது!

காரணம் நத்தை. சிரிக்காதீர்கள். இந்தப் பொருட்களை உடம்பு அப்படியே வெளியே விடாது, பெரும்பாலும் குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டவைத்துத்தான் அனுப்பும், கொஞ்சத்துக்கு சல்பேட். ஒட்டியதை வெட்டிவிட்டால்தான் எல்சி-எம்எஸ்ஸில், அதாவது கலவையைப் பிரித்து மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் கருவியில், மொத்தத்தையும் ஒன்றாக அளக்கலாம். வெட்டுவதற்கு ஹீலிக்ஸ் பொமாஷியா என்ற ஐரோப்பிய நத்தையின் செரிமானச் சாற்றைச் சேர்த்து, 37 டிகிரியில் ராத்திரி முழுக்க வைப்போம். அது இலைதழை தின்கிற ஜென்மம், அதன் சாற்றிலேயே இந்தச் சரக்கும் கலந்து வருகிறது. விலை? சுண்டுவிரல் உயரக் குப்பி, அந்தக் காசுக்கு நல்ல மிக்ஸியே வாங்கலாம். ஐஸ் பெட்டியில் வந்ததற்குக் கூரியர் காசு தனி, அதற்கு ஜிஎஸ்டி தனி, பில்லில் கையெழுத்துப் போடும்போது எங்கள் மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். இவ்வளவும் வாங்கிக்கொண்டு நான் தேடுகிற பொருளையே அதில் போட்டு அனுப்புகிறார்கள்!

"பிளாங்கைக் கழித்தால் போச்சு" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். தினம் சோயா சாப்பிடுகிறவருக்குச் சரி. இட்லி, ரசம் என்று இருக்கிறவர் சாம்பிளில் அளவே சொற்பம், அதில் கழித்தால் என்ன மிஞ்சும்? அந்த வேலை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

அதனால் நத்தைச் சாற்றை விட்டு, அதே வெட்டும் வேலையைச் செய்யும் ஈ.கோலி பாக்டீரியா என்சைமுக்கு மாறிவிட்டேன். அது சல்பேட்டைத் தொடாது, குளுக்குரோனைடை, அதாவது குளுக்குரோனிக் அமிலம் ஒட்டியதை மட்டும்தான் வெட்டும், ஆனால் சிறுநீரில் பெரும்பங்கு அதுதானே. இன்றைய பிளாங்க் நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வால்பேப்பராகவே வைத்துவிட்டேன்.

அட, கிரியாட்டினினை விட்டுவிட்டேனே, தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் வரும் கழிவு அது. நிறையத் தண்ணீர் குடித்தவர் சிறுநீர் நீர்த்துப்போயிருக்கும், அதனால் கிடைத்த எண்ணைக் கிரியாட்டினினால் வகுத்துத்தான் எழுதுவோம். வகுக்காமல் ஆளுக்கு ஆள் ஒப்பிடக் கூடாது.

ஈக்குவோல் அடுத்த வீடியோவில். 1932இல் சினைக் குதிரையின் சிறுநீரில் முதலில் பிரித்தெடுத்த பொருள். டெய்ட்சீனைக் குடல் பாக்டீரியா மாற்றினால் வரும், எல்லோர் குடலிலும் அது நடக்காது. எனக்கு நடக்கிறதா என்று பார்க்க என் சாம்பிளும் வரிசையில் நிற்கிறது. அதற்காக மூன்று வேளையும் மீல்மேக்கர் தின்கிறேன், எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.