சாகப்போகிறவளுக்கு எப்படி இவ்வளவு குரல்?

அடுத்த கேள்வி. ஓபரா, அதாவது மேற்கத்திய இசை நாடகப் பாடகி மரியா காலஸ் 1958-இல் லிஸ்பனில் பாடிய 'லா டிராவியாட்டா' ஓபராவின் பதிவை நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். "எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள், எனக்கு மேல் ஸ்தாயியில் குரல் ஆடுவதுதான் கேட்கிறது. காசநோயில் சாகிற பெண் இப்படிப் பாடுவதையும் நம்ப முடியவில்லை" என்கிறார்.

குரல் ஆடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். துல்லியமான குரல்தான் வேண்டுமென்றால் வேறு சொப்ரானோக்கள், அதாவது மேல் ஸ்தாயிப் பாடகிகள், இருக்கிறார்கள். ஆனால் இந்த ஓபராவின் நாயகி வியோலெட்டா குரலை மட்டும் வைத்துக் கரையேறக்கூடிய பாத்திரம் இல்லை. 1853 மார்ச்சில் வெனிஸில் முதலில் மேடையேறியபோது, நாயகியாகப் பாடிய சல்வினி தொனாட்டெல்லிக்கு முதல் அங்கத்தில் நல்ல கைதட்டல். அப்படியும் நாடகம் தோல்விதான், இசையமைத்த வெர்டியே அப்படிக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு, சில திருத்தங்களோடு, அதே ஊரில் வேறொரு பாடகி பாடி ஜெயித்தது.

இரண்டாம் அங்கத்தைக் கேளுங்கள். காதலனின் அப்பா வந்து, 'என் மகளின் கல்யாணம் நின்றுவிடும், என் பையனை விட்டுவிடு' என்கிறார். கெஞ்சிப் பார்த்துவிட்டு, கடைசியில் வியோலெட்டா சம்மதிக்கிறாள். அந்த இடத்தில் காலஸ் ஒரே ஸ்வரத்தை மெலிசாகக் கார்வை பிடித்து, அதிலிருந்தே பாட்டுக்குள் இறங்குகிறார். அழுகை, விம்மல் எதுவும் சேர்க்கவில்லை. இவள் தோற்றுவிட்டாள் என்பது அந்தக் கார்வையிலேயே தெரிந்துவிடுகிறது.

சரி, காசநோய் விஷயம். வெர்டி இதை யோசிக்காமல் விடவில்லை. மூன்றாம் அங்கத்தில் தனக்கு வந்த ஒரு கடிதத்தை வியோலெட்டா பாடுவதில்லை, வாசிக்கிறாள். பின்னால் வயலின்கள் பழைய காதல் மெட்டை வாசிக்கின்றன. அப்புறம் வரும் விடைபெறும் பாட்டின் கடைசி ஸ்வரத்துக்கு, 'நூலிழை போன்ற குரலில்' என்று அவரே குறித்திருக்கிறார். அவ்வளவு உயரத்தில் அவ்வளவு மெல்லப் பாடினால் குரல் எந்த நொடியும் அறுந்துவிடும். கொஞ்சம் சத்தத்தைக் கூட்டிப் பாடிவிட்டால் ஆபத்தில்லை, பலர் அதைத்தான் செய்கிறார்கள். காலஸ் குறிப்பை அப்படியே எடுத்துக்கொண்டார். நீங்கள் குறை சொல்கிற நடுக்கம் அங்கே நோயாளியின் மூச்சாகவே கேட்கிறது.

கேட்கும்போது இடையிடையே ஓர் ஆண் குரல் வரிகளை முணுமுணுக்கும். அது மேடைக்கு அடியிலிருந்து வரி எடுத்துக்கொடுப்பவர், உங்கள் ஸ்பீக்கரில் கோளாறு இல்லை.