திருப்பியவர் ஒருவர், அடி வாங்கியவர் இன்னொருவர்

அனைவருக்கும் வணக்கம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இடப்பக்கம் திரும்புவதில் அப்படி என்ன ஆபத்து என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சாலையின் இடதுபுறம் ஓட்டும் நாடுகளில் அது எளிதான திருப்பம்தான். நான் பேச வந்தது அமெரிக்கா போல வலதுபுறம் ஓட்டும் நாடுகளில் இப்படித் திரும்பும்போது நடக்கும் மோதல்களைப் பற்றி. அங்கே இடப்பக்கம் திரும்ப, எதிரே வரும் வண்டிகளின் வழியை வெட்டிக்கொண்டு போக வேண்டும். மற்றவர்கள் நான் சொல்வதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வண்டிக்குள் யார் எங்கே இருக்கிறார்கள்? ஓட்டுநர் இடது இருக்கையில். வலது இருக்கையில் அவருடைய அம்மாவோ மனைவியோ. பாதி திரும்பிய வண்டி, எதிரே வருபவருக்குத் தன் வலது விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. போய்விடலாம் என்று கணக்குப் போட்டவர் ஓட்டுநர். இடி விழுவது பக்கத்தில் இருப்பவரின் கதவில். இந்த அநியாயத்தைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

எதிரே வந்து மோதியவருக்காவது பானெட் நசுங்கி வேகத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். முன் ஏர்பேக்கும் விரியும். பக்கவாட்டில் அடி வாங்குபவருக்கு இருப்பது ஒரு கதவு, அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு சாண் இடம். அவ்வளவுதான். தலைக்கு அரணாக இருப்பது ஜன்னலோரம் திரைபோல் இறங்கும் ஏர்பேக். அது இல்லாத பழைய வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன.

காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் வண்டிகளை மோதிச் சோதிக்கும் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் அமைப்பு 2003-இல் பக்கவாட்டு மோதல் சோதனையைத் தொடங்கியபோது, 1,500 கிலோ தள்ளுவண்டியை 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. 2021-இல் அதை 1,900 கிலோவாகவும் 60 கிலோமீட்டராகவும் உயர்த்தியது. பத்து கிலோமீட்டர்தானே என்று தோன்றும். வேகத்தை வர்க்கமாக்கி எடையால் பெருக்கிப் பாருங்கள், மோதும் ஆற்றல் 82 சதவீதம் கூடியிருக்கும். சாலையில் பெரிய வண்டிகள் பெருகிவிட்டதால் வந்த மாற்றம் இது.

திருப்பிய ஓட்டுநர் தப்பித்தார் என்றும் சொல்ல முடியாது. அவருடைய பெல்ட் இடது தோளின் மேல் வருகிறது. இடி வலப்பக்கம் விழும்போது உடலும் அந்தப் பக்கமே பாயும். பெல்ட் தோளிலிருந்து நழுவிவிடும். இருவர் தலையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவும் கூடும். ஐரோப்பாவில் புதிய கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2020 முதல் இதையும் மதிப்பிடுகிறது. இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே விரியும் ஏர்பேக் புதிய வண்டிகளில் பரவியது அதற்குப் பிறகுதான்.

நடுவில் ஒன்று: திரும்பக் காத்திருக்கும்போது சக்கரங்களை நேராகவே வைத்திருங்கள். முன்கூட்டியே ஸ்டீயரிங்கை ஒடித்து வைத்தால், பின்னால் வந்து இடிப்பவர் உங்களை எதிர் வண்டிகளுக்கு முன்னால் தள்ளிவிடுவார்.

அப்புறம் காயங்கள். விலாவும் இடுப்பெலும்பும் முறிவது எக்ஸ்ரே படத்தில் தெரிந்துவிடும். எனக்குப் பயம் வயிற்றுக்குள் நடப்பது. வலப்பக்க அடியில் கல்லீரல் கிழியலாம்; குறுக்குச் சாலையில் வந்தவர் இடப்பக்கம் மோதினால் மண்ணீரல். கிழிசல் சிறிதாக இருந்தால் ரத்தம் மெதுவாகக் கசியும். அடிபட்டவர் இறங்கி நின்று, “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிக்கொண்டிருப்பார். கசிந்த ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும்போது வலி வயிற்றில் தெரியாமல் தோளில் தெரிவதும் உண்டு. தோளில் அடியே படவில்லை, ஆனால் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் மருத்துவர் வயிற்றை ஸ்கேன் செய்வது அதனால்தான்.