நாற்றுக்கு ஏற்ற மண்கலவை

நேயர்களுக்கு வணக்கம். ஆடிப் பட்டத்துக்கு மிளகாய், தக்காளி, கத்தரி நாற்று விடுகிறவர்கள் நல்ல விதைக்காக அலைகிறார்கள். அந்த விதை விழப்போகும் கலவையைப் பற்றி அவ்வளவாக யோசிப்பதில்லை. முளைவிடும் விதைக்குத் தேவையான உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. முதல் பத்து நாள் அது மண்ணிடம் கேட்பது ஈரமும் காற்றும்தான். எருவை அள்ளிப் போட்டுத் தண்ணீரையும் தேக்கிவிட்டால் காற்றுக்கு இடம் ஏது?

சிறு சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டான குழித்தட்டில் வெறும் தோட்டத்து மண்ணை நிரப்பாதீர்கள். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை நனைத்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதை நிமிர்த்திப் பாருங்கள், மறுபடியும் நீர் வடியும். உயரம் கூடினால் நீர் வடியும், குறைந்தால் தேங்கும். நிலத்தில் நன்றாக வடிகிற மண்கூட இரண்டு அங்குலக் குழிக்குள் சேறாக நிற்பது இதனால்தான். ஆகவே தட்டுக்கு, ஈரத்தோடு காற்றுக்கும் இடம் விடும் தென்னை நார்க்கழிவுதான் சரி. பாலித்தீன் பையில் விடுவதானால் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு போதும். அந்தக் கலவையைக் கத்திரி வெயிலில் நனைத்துப் பரப்பி, நிறமில்லாத பாலித்தீன் தாளால் விளிம்பு மூடி, நான்கு முதல் ஆறு வாரம் விட்டால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெருமளவு குறையும். கறுப்புத் தாள் வேண்டாம். வெயில் தாளைத் தாண்டி மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

நார்க்கழிவில் இரண்டு சிக்கல் உண்டு. முதலாவது உப்பு. ஐந்து கிலோ கட்டியை ஊறவைத்து உதிர்த்து, சாக்கில் கட்டி நீர் வடியவிட்டு, மறுபடி ஊறவைத்து, இப்படி மூன்று முறையாவது அலச வேண்டும். வடியும் நீர் தேநீர் நிறத்தில் இருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அந்த நிறம் துவர்ப்புப் பொருளால் வருவது. உப்புக்கு நிறம் கிடையாது. தெளிந்த நீரிலும் உப்பு இருக்கலாம், எனவே நிறத்தை நம்பாமல் முறையை எண்ணி அலசுங்கள். அலசாத கழிவில் இலை நுனி கருகும், மேற்பரப்பில் உப்பு வெண்மையாகப் பூத்து நிற்கும்.

இரண்டாவது, மக்காத கழிவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்வதால் நாற்று வெளிறிப்போகும். மக்கியது கருமையாக, மண்வாசனையோடு இருக்கும்.

கலவைக்கு வருவோம். பத்து கிலோ மக்கிய நார்க்கழிவுக்கு வேப்பம் பிண்ணாக்கு 150 கிராம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற இரண்டு உயிர் உரங்களும் வகைக்கு 30 கிராம். 98 குழிகள் உள்ள தட்டு ஒன்றுக்குச் சுமார் 1.2 கிலோ பிடிக்கும் என்பதால், இது எட்டுத் தட்டுக்கு வரும். ஈரப்பதத்தைக் கையால்தான் பார்க்க வேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் கொழுக்கட்டை மாதிரி நிற்கணும், விரலால் தட்டினால் உதிரணும். விரலிடுக்கில் நீர் ஒழுகினால் நிழலில் பரப்பி ஆறவிடுங்கள்.

நிரப்பும்போது கட்டைவிரலால் அழுத்தாதீர்கள். தட்டைத் தரையில் இரண்டு தட்டு தட்டினால் அதுவே படியும். அரை சென்டிமீட்டர் குழியிட்டு விதை போட்டு மூடி, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடுங்கள். நான்காம் நாளிலிருந்து காலையும் மாலையும் திறந்து பாருங்கள். முதல் முளை தலைகாட்டியதும் தட்டுகளை நிழல்வலைக்குள் பரப்பிவிட வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் தண்டு வெளுத்து நூலாக நீண்டுவிடும். அப்படி நீண்டதைப் பிறகு திருத்த வழியில்லை.

நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று தரையோடு சாய்ந்து, தண்டு மண்ணைத் தொடுமிடத்தில் வெந்ததுபோல் சுருங்கியிருந்தால் அது நாற்றழுகல். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். சாய்ந்தவற்றை எடுத்துவிட்டு, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். விதைப்பதற்கு முன்பே கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்திருந்தால் பெரும்பாலும் இந்த நிலை வராது.

விதைத்த பதினெட்டாம் நாள், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றலாம். தக்காளி 25 நாளில் நடவுக்கு வரும், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் ஆகும். நடுவதற்கு முன் ஒரு குழியை அடியிலிருந்து மெல்லத் தள்ளிப் பாருங்கள். வெள்ளை வேர்கள் கலவையைச் சுற்றிப் பிடித்துக் கட்டியாக வந்தால் நடலாம். கலவை உதிர்ந்து வேர் மட்டும் கையில் வந்தால் இன்னும் நான்கைந்து நாள் விடுங்கள்.

நன்றி, வணக்கம்.